ஊருக்கு வெளியே, மரத்துல, கோபுரம் இல்லாம: ஹ்ரோன்செக் ஆலயத்தின் கதை

இன்னைக்கு ஒரு சின்ன கற்பனையோட ஆரம்பிக்கலாம்.

உங்க கிராமத்துல ஆயிரம் பேர் உட்கார்ற மாதிரி ஒரு கட்டடம் கட்டணும். அரசாங்கம் அனுமதி குடுக்குது. கூடவே ஒரு பட்டியலும் குடுக்குது. கல்லு, செங்கல் கூடாது. கோபுரம் கூடாது. ஊருக்கு நடுவுல கூடாது. வாசல் பெரிய தெருவைப் பார்க்கக் கூடாது. சீக்கிரம் கட்டி முடிச்சிடணும். இவ்வளவு நிபந்தனைக்கு அப்புறமும் நீங்க கட்டுவீங்களா?

கட்டினவங்க இருக்காங்க. இடம், இன்றைய ஸ்லோவாக்கியாவின் நடுப்பகுதி. பான்ஸ்கா பிஸ்த்ரிட்சா நகரத்துக்குப் பக்கத்தில், ஹ்ரோன் ஆற்றங்கரையில் ஹ்ரோன்செக் என்று ஒரு சின்ன கிராமம். அங்கே 1726-ல் கட்டி முடிக்கப்பட்ட ஒரு லூத்தரன் மர ஆலயம் இன்னமும் நிற்கிறது. 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. சுற்றுலாப் புகைப்படங்களில் பார்த்தால் ரொம்ப அழகான, அமைதியான கட்டடம். ஆனால் அதன் கதவு, ஜன்னல், பெஞ்சு எதைத் தொட்டாலும் பின்னாடி ஒரு சண்டை இருக்கு. அந்தச் சண்டையில இருந்து தொடங்குறேன்.

பறிபோன ஆலயங்கள்

பதினாறாம் நூற்றாண்டில் மார்ட்டின் லூத்தரின் சீர்திருத்தம் ஜெர்மனியில் ஆரம்பித்து வேகமாகப் பரவியது. அப்போது ஹங்கேரி ராஜ்ஜியத்தின் ஒரு பகுதியாக இருந்த ஸ்லோவாக்கியாவிலும் பெரும்பாலான மக்கள் புராட்டஸ்டண்டுகளாக மாறினார்கள். ஊர் ஆலயங்களும் அவர்கள் கைக்கு வந்தன.

ஆனால் அந்த ராஜ்ஜியத்தை ஆண்டவர்கள் ஹாப்ஸ்பர்க் வம்சத்தினர். உறுதியான கத்தோலிக்கர்கள். பதினேழாம் நூற்றாண்டில், முக்கியமாகப் பேரரசர் முதலாம் லியோபோல்ட் காலத்தில், ஆலயங்கள் ஒவ்வொன்றாகப் பிடுங்கப்பட்டன. 1674-ல் இன்றைய பிராட்டிஸ்லாவாவில் ஒரு பெரிய விசாரணை நடந்தது. நூற்றுக்கணக்கான புராட்டஸ்டண்ட் போதகர்களையும் பள்ளி ஆசிரியர்களையும் ராஜ துரோகக் குற்றச்சாட்டில் கூப்பிட்டார்கள். 'பணியை விட்டுவிடுகிறேன்' என்று கையெழுத்துப் போடணும், இல்லையென்றால் நாடு கடத்தல் அல்லது அதைவிட மோசம். கடைசிவரை மறுத்தவர்களில் ஒரு பகுதியினரை நேப்பிள்ஸ் வரை நடத்திக் கூட்டிப்போய், துடுப்புக் கப்பல்களில் அடிமைகளாக விற்றார்கள். 1676 பிப்ரவரியில் டச்சு கடற்படைத் தளபதி டி ரெய்ட்டர் தலையிட்டு, உயிரோடிருந்தவர்களை மீட்டார். ஐரோப்பா முழுக்கப் பேசப்பட்ட விஷயம் இது.

இவ்வளவு கடுமையா இருந்த அரசு ஏன் இறங்கி வந்துச்சு? பயம்தான் காரணம். ஒரு பக்கம் தெக்கெலி என்ற ஹங்கேரியப் பிரபு புராட்டஸ்டண்டுகளைத் திரட்டிக் கிளர்ச்சி செய்துகொண்டிருந்தார். இன்னொரு பக்கம் ஒட்டோமான் படை. அது 1683-ல் வியன்னாவையே முற்றுகையிட்டது. ரெண்டு முனையில் சண்டை போட முடியாத லியோபோல்ட், 1681-ல் ஷோப்ரோன் நகரத்தில் கூடிய சட்டமன்றத்தில் ஒரு சமரசத்துக்கு ஒத்துக்கொண்டார்.

அந்தச் சமரசம் 25, 26 ஆகிய ரெண்டு சட்டப் பிரிவுகளில் இருக்கிறது. குறிப்பிட்ட கவுண்டிகளில், ஒரு கவுண்டிக்கு ரெண்டு இடங்களில் மட்டும் புராட்டஸ்டண்டுகள் புதிதாக ஆலயம் கட்டலாம். சட்டப் பிரிவுக்கு லத்தீனில் 'ஆர்ட்டிகுலஸ்'. அதனால் இந்த ஆலயங்களுக்கு 'ஆர்ட்டிகுலர் ஆலயங்கள்' என்று பெயர் வந்துவிட்டது. நம்ம ஊர் பாஷையில சொன்னா 'செக்‌ஷன் 26 சர்ச்'. ஒரு வழிபாட்டிடத்துக்கு புனிதர் பெயரும் இல்லை, ஊர் பெயரும் இல்லை, சட்டப் பிரிவின் பெயர்.

ஆணி அடிக்கலையா?

இணையத்தில் இந்த ஆலயங்களைப் பற்றித் தேடினால் முதலில் வருவது: 'ஒரு இரும்பு ஆணிகூட இல்லாமல், ஒரே வருஷத்தில் கட்டியது.' இதைக் கொஞ்சம் நிதானமாப் பார்க்கணும்.

சட்டம் முக்கியமாகச் சொன்னது எந்தெந்த இடத்தில் கட்டலாம் என்பதைத்தான். மரத்தில் கட்டணும், ஊருக்கு வெளியே கட்டணும், கோபுரம் வைக்கக் கூடாது என்ற கட்டுப்பாடுகள் அதை நடைமுறைப்படுத்திய விதத்தில் சேர்ந்தவை. ஆணி விஷயம் ஊர்ஊராகச் சொல்லப்படும் மரபு. தச்சர்கள் மரத்தோடு மரத்தைப் பூட்டித்தான் வேலை செய்தார்கள். ஒரு மரத்தில் துளை, இன்னொன்றில் அதற்குள் போய் உட்காரும் நாக்கு, குறுக்கே ஒரு மர முளை. நல்ல தச்சருக்கு இது சட்டத்துக்குப் பயந்து செய்த வித்தை இல்லை, அன்றாடத் தொழில்.

கட்டுப்பாடுகளோட நோக்கத்தையும் யோசிச்சுப் பாருங்க. மரம் தீப்பிடிக்கும், மட்கும். 'நீங்க இருக்கலாம், ஆனா நிரந்தரமா இருக்க வேண்டாம்' என்று ஒரு அரசு சொல்லும் விதம் இது. கோபுரம் இல்லையென்றால் தூரத்திலிருந்து யாருக்கும் தெரியாது. ஊருக்கு வெளியே என்றால் ஊர்வலம், கூட்டம் எதுவும் கண்ணில் படாது. 1731-ல் வந்த அரச ஆணை இதை இன்னும் இறுக்கியது. பொது வழிபாடு இந்த ஆர்ட்டிகுலர் இடங்களில் மட்டும்தான், வேறெங்கும் கிடையாது என்று மறுபடியும் உறுதி செய்தது. ஹ்ரோன்செக் ஆலயம் கட்டி முடித்து ஐந்து வருஷம்கூட ஆகாத நேரம் அது.

உள்ளே போகலாம்

ஹ்ரோன்செக்கில் வேலை தொடங்கியது 1725 அக்டோபரில். முடிந்தது 1726 இலையுதிர் காலத்தில். சிலுவை வடிவத் தரைத்திட்டம். கார்பேத்திய மலைப்பகுதி மர ஆலயங்களில் வழக்கமாக முழு மரக்கட்டைகளைப் படுக்கையாக ஒன்றின் மேல் ஒன்று அடுக்கிச் சுவர் எழுப்புவார்கள். ஹ்ரோன்செக்கில் அப்படி இல்லை. தூண், உத்தரம், குறுக்குச் சட்டம் என்று ஒரு எலும்புக்கூடு செய்து, இடைவெளியைப் பலகையால் அடைத்திருக்கிறார்கள். ஸ்காண்டிநேவியக் கட்டட முறையை இது நினைவுபடுத்துகிறது. அதனால் அந்தப் பக்கத் தச்சர்கள் வந்து கட்டினார்கள் என்று ஒரு கதையும் உண்டு. உள்ளே நின்று மேலே பார்த்தால் வளைந்த மரக் கூரை, கவிழ்த்து வைத்த படகு மாதிரி இருக்கும்.

இதில் சுமார் 1,100 பேர் உட்காரலாம். ஐந்து கதவுகள், 30 ஜன்னல்கள். ஒரு குட்டி கிராமத்துக்கு எதுக்கு 1,100 இருக்கை? அந்தக் கேள்விக்குள்ளதான் மொத்தக் கதையும் இருக்கு. கவுண்டிக்கே ரெண்டு இடம் என்றால், சுற்றுவட்டாரத்தில் உள்ள எல்லா லூத்தரன் குடும்பங்களும் இங்கேதான் வந்தாகணும். ஞாயிறு ஆராதனை, ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாவற்றுக்கும் நடந்தோ வண்டி கட்டியோ வரணும். பனிக்காலத்தில் மலைப்பாதையில் அது எப்படிப்பட்ட பயணம் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு கூட்டம் உள்ளே வரவும் வெளியே போகவும் ஒரு வாசல் போதாது. அதனால்தான் ஐந்து கதவு.

அடுத்து பெஞ்சுகள். இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். ஒரு பழைய கத்தோலிக்கப் பேராலயத்தை நினைத்துப் பாருங்கள். நீளமான மண்டபம், கடைசியில் பீடம், கூட்டம் அதைப் பார்த்து வரிசையாக. ஹ்ரோன்செக்கில் பெஞ்சுகள் ஒரு அரங்கம் மாதிரி, படிப்படியாக உயர்ந்து, சுற்றி அமைந்திருக்கின்றன. எங்கே உட்கார்ந்தாலும் பீடம் கண்ணுக்குத் தெரியணும், போதகரின் குரல் காதுக்குக் கேட்கணும். லூத்தரன் வழிபாட்டின் மையம் மக்களுக்குப் புரிகிற மொழியில் சொல்லப்படும் பிரசங்கம். ஒரு மணி நேரம் பிரசங்கம் கேட்கணும் என்றால் உட்கார இடம் வேண்டும். பிரசங்க பீடம் உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு இறையியல் கருத்து மர பெஞ்சாக மாறும் இடம் இது.

பீடத்துக்கு வருவோம். இப்போதிருக்கும் பீடம் 1771-ஐச் சேர்ந்தது. அதில் ஆறு ஓவியங்கள். ஆறும் ஒரே நேரத்தில் தெரியாது. திருச்சபை ஆண்டுக்கு ஏற்ப மாற்றி மாற்றி வைப்பார்கள். அட்வெந்து, கிறிஸ்துமஸ், லெந்து, ஈஸ்டர், பெந்தெகொஸ்தே என்று காலம் நகர நகரப் படமும் மாறும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு விவசாயிக்கு அந்தப் படம்தான் காலண்டர். கதவைத் திறந்து உள்ளே வந்ததும் இது வருஷத்தின் எந்தக் கட்டம் என்று தெரிந்துவிடும். லூத்தரன்கள் என்றாலே படங்களுக்கு எதிரானவர்கள் என்று ஒரு எண்ணம் இருக்கு. அது சரியில்லை. சீர்திருத்தத்தின் வேறு சில பிரிவுகள் படங்களையும் சிற்பங்களையும் அகற்றின. லூத்தரன்கள், கும்பிடுவதற்கு இல்லை, சொல்லிக்கொடுப்பதற்கு என்று பெரும்பாலும் வைத்துக்கொண்டார்கள்.

அப்புறம் ஆர்கன். 1760-களில் பான்ஸ்கா பிஸ்த்ரிட்சாவைச் சேர்ந்த மார்ட்டின் பொத்கொனிட்ஸ்கி செய்தது. ஆலயம் கட்டி கிட்டத்தட்ட நாற்பது வருஷம் கழித்துத்தான் ஆர்கன் வந்தது. அதுவரை சபை பாடாமல் இருக்கவில்லை. ஸ்லோவாக் லூத்தரன்களிடம் 1636-லேயே யுராய் த்ரனோவ்ஸ்கி தொகுத்து லெவோச்சாவில் அச்சிட்ட பாட்டுப் புத்தகம் இருந்தது. ஆலயத்தைப் பூட்டலாம், போதகரை நாடு கடத்தலாம். ஆனா வீட்டுக்குள்ள ஒரு பாட்டுப் புத்தகமும் பைபிளும் இருந்தா ஒரு சபை தாக்குப்பிடிக்கும். அந்தத் தலைமுறைகள் அப்படித்தான் தாக்குப்பிடித்தன.

வெளியே வந்தால், ஆலயத்துக்குப் பக்கத்தில் தனியாக ஒரு மர மணிக்கூண்டு. அதுவும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததுதான். ஆலயத்தின் மேல் கோபுரம் இல்லை. மணி தள்ளி நின்று கூப்பிடுகிறது.

யார் எங்கே உட்கார்ந்தார்கள்?

இதுவரைக்கும் கேட்டா, ஒடுக்கப்பட்ட மக்கள் ஒண்ணு சேர்ந்து சமத்துவமா ஒரு கட்டடம் கட்டின மாதிரி இருக்கும். முழுக்க அப்படி இல்லை.

இந்த ஆலயங்கள் உருவாகப் பணமும் மரமும் நிலமும் வேண்டும். அதையெல்லாம் குடுக்கக்கூடியவர்கள் உள்ளூர் பிரபுக்கள். வடக்கே ஒராவா பகுதியில் லெஷ்தினி என்று ஒரு கிராமம். அங்கிருக்கும் ஆர்ட்டிகுலர் ஆலயத்தை 1688-89-ல் கட்டவைத்தது ஸ்மெஷ்கால் என்ற பிரபுக் குடும்பம். (இசைப் பிரியர்களுக்கு ஒரு துணுக்கு: பீத்தோவனின் நெருங்கிய நண்பர் நிக்கோலாஸ் ஸ்மெஷ்கால் இந்த லெஷ்தினியில் பிறந்தவர். பீத்தோவன் தன் 95-ஆம் எண் நால்வாத்தியப் படைப்பை அவருக்குத்தான் சமர்ப்பித்தார்.) அந்தக் காலத்துக் கிராம ஆலயங்களில் புரவலர் குடும்பத்துக்குத் தனி இருக்கை இருக்கும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். கல்யாணமாகாதவர்கள் மாடத்தில். உங்க பெஞ்சைப் பார்த்தே ஊர்ல உங்க இடம் என்னன்னு சொல்லிடலாம்.

இந்த இடத்துல நம்ம கடற்கரைக்கு ஒரு நிமிஷம் வந்துட்டுப் போகலாம், ஏன்னா நிஜமாவே ஒரு தொடர்பு இருக்கு. ஹ்ரோன்செக்குக்கு முன்னாடியே, 1717-ல், கெஷ்மரோக் நகரத்தின் மதிலுக்கு வெளியே இன்னொரு பெரிய ஆர்ட்டிகுலர் ஆலயம் எழுந்தது. அதற்கு ஸ்வீடன், டென்மார்க் போன்ற லூத்தரன் நாடுகளிலிருந்தும் நன்கொடை வந்தது. அதே 1717-ல்தான் தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்ட ஆரம்பித்தார். 1718-ல் பிரதிஷ்டை. அவரை அனுப்பியது டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரடெரிக். அந்த ஆலயத்தின் முகப்பில் இன்றும் அரசரின் கிரீடமும் எழுத்துச் சின்னமும் இருக்கு.

ஒரே நம்பிக்கை, ஒரே பத்தாண்டு. ஒரு இடத்தில் அரச முத்திரையோடு கல் கட்டடம், கோட்டையின் நிழலில். இன்னொரு இடத்தில் தெருவுக்கு முகம் காட்டக்கூட அனுமதி இல்லாத மரக் கட்டடம். ஒரு மதம் ஆதிக்கத்தின் பக்கமா, அடக்கப்பட்டவர் பக்கமா என்பதை அதன் கோட்பாட்டை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. அங்கே ஆட்சி யார் கையில் இருக்கு என்று கேட்கணும். தரங்கம்பாடியிலும் இருக்கை என்று வந்தபோது சாதி உள்ளே வந்துவிட்டது. ஒரே கூரைக்குக் கீழே தனித்தனியாக உட்கார்ந்தார்கள். பிரபுவின் பெஞ்சும் சாதியின் இடைவெளியும் ஒரே அளவு கொடுமை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு ஆலயத்தின் நிஜ வரலாறு தெரியணும்னா, முதல்ல யார் எங்க உட்கார்ந்தாங்கன்னு பாருங்க.

38-ல் ஐந்து

1681-க்கு சரியாக நூறு வருஷம் கழித்து, 1781 அக்டோபரில், பேரரசர் இரண்டாம் யோசப் சகிப்பு ஆணையை வெளியிட்டார். புராட்டஸ்டண்டுகள் வேறு இடங்களிலும் வழிபாட்டுக் கூடம் கட்ட வழி பிறந்தது. ஊர்ஊராகச் செங்கல்லும் கல்லும் வைத்துப் புதிய ஆலயங்கள் எழுந்தன.

அடுத்து நடந்தது கொஞ்சம் வேடிக்கை, கொஞ்சம் வருத்தம். இன்றைய ஸ்லோவாக்கியப் பகுதியில் கட்டப்பட்டதாகச் சொல்லப்படும் ஆர்ட்டிகுலர் ஆலயங்கள் 38. மரத்தாலானவற்றில் இன்று மிச்சம் ஐந்து: ஹ்ரோன்செக், லெஷ்தினி, கெஷ்மரோக், இஸ்தெப்னே, ஸ்வாதீ க்ரீஷ். மற்றவை எங்கே? எதிரிகள் கொளுத்தியதால் மட்டும் அவை போகவில்லை. பலவற்றைச் சபைகளே இடித்துவிட்டு, அதே இடத்தில் கல் ஆலயம் கட்டிக்கொண்டன. அவங்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. நூறு வருஷம் 'நீ மரத்துலதான் கட்டணும்'னு சொல்லப்பட்ட ஒருத்தருக்கு, கல்லுல கட்ட அனுமதி கிடைச்ச அன்னைக்கு அந்த மரச் சுவர் பாரம்பரியமா தெரியாது. அவமானமாத்தான் தெரியும்.

கடைசியா ஸ்வாதீ க்ரீஷ் பற்றி. அது முதலில் லிப்தோவ் பகுதியில் பாலூட்சா என்ற கிராமத்தில் இருந்தது. 1774-ல் யோசெஃப் லாங் என்ற தச்சர் கட்டியது. ஆறாயிரம் பேர்வரை கொள்ளும் என்கிறார்கள். ஐரோப்பாவின் மிகப்பெரிய மர ஆலயங்களில் ஒன்று. 1970-களில் லிப்தோவ்ஸ்கா மாரா அணை வந்தது. பாலூட்சா உட்படப் பல கிராமங்கள் தண்ணீருக்குள் போகணும். அப்போது செக்கோஸ்லோவாக்கியாவை ஆண்டது கம்யூனிஸ்ட் கட்சி. மதத்தை ஊக்குவிக்காத அரசு. ஆனாலும் அந்த ஆலயத்தைக் கலைச் சின்னமாகக் கருதி, 1974 முதல் 1982 வரை, துண்டு துண்டாகப் பிரித்து, எண் போட்டு, சில கிலோமீட்டர் தள்ளி ஸ்வாதீ க்ரீஷ் கிராமத்துப் பக்கம் மறுபடி பூட்டினார்கள்.

கல் ஆலயமாக இருந்திருந்தால் இது இவ்வளவு சுலபமில்லை. மரமாக இருந்ததால்தான் கழற்றி எடுத்துப்போக முடிந்தது. நிலைக்கக் கூடாது என்று அரசு விதித்த மரமே இருநூறு வருஷம் கழித்து அந்த ஆலயத்தைத் தண்ணீரிலிருந்து வெளியே கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தை எழுதினவங்க இதை எதிர்பார்த்திருக்க மாட்டாங்க.

ஹ்ரோன்செக் ஆலயம் இன்னும் மியூசியம் ஆகிவிடவில்லை. லூத்தரன் சபை அங்கே இப்போதும் கூடுகிறது. அந்தப் பக்கம் போனா, அழகா இருக்குன்னு போட்டோ எடுங்க, தப்பில்லை. எடுத்துட்டு, ஐந்து கதவில் ஒன்றைத் திறந்து உள்ளே போய், ஏதாவது ஒரு பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். மலை தாண்டி நடந்து வந்த ஒருத்தர் அதே இடத்தில் உட்கார்ந்துதான், இந்த வாரம் எந்தப் படம் வெச்சிருக்காங்கன்னு நிமிர்ந்து பார்த்திருப்பார்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.